நுலைதல்

ஐந்தரைக்கு கேட் திறக்கும்.
அதற்கு முன்பே பட்டிப்பொலப் பக்கமிருந்து வேன்கள் வந்து
பனிக்குள் லைட்டை எரியவிட்டுக்கொண்டு நிற்கும்.
என் வேலை பொலித்தீன்.
பிஸ்கட் உறையைக் கிழித்து
பிஸ்கட்டைக் காகிதப் பையில் கொட்டிக் கொடுப்பேன்.
தண்ணீர்ப் போத்தலின் லேபிளை
ஒரே இழுப்பில் உரிப்பேன்.
நாளுக்கு நானூறு, ஐந்நூறு போத்தல்கள்
பெயரில்லாமல் மலையேறும்.

எனக்குப் பின்னால் மஞ்சள் பலகை.
சிங்களம் சரி, ஆங்கிலம் சரி.
தமிழில்:
‘அனுமதியின்றி உள்நுலைதல்
தண்டனைக்குறிய குற்றம்.’
திலகரத்ன மாத்தயாவிடம் சொன்னேன்.
“விளங்குதுதானே லோகா?” என்றார்.
விளங்கத்தான் செய்கிறது.

உள்ளே ஒரு தவளை இருக்கிறது.
என் சுண்டுவிரல் நகத்தில் உட்காரும்.
இந்த முகட்டை விட்டால்
உலகத்தில் வேறெங்கும் இல்லையாம்.
அதன் குஞ்சு தண்ணீரில் நீந்திப் பழகுவதில்லை,
முட்டைக்குள்ளேயே கால் முளைத்து
தவளையாகவே வெளியே வருகிறது.
ஈர இலைச்சருகு போதும்.
மிதிக்காமல் விட்டால் போதும்.
பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியபோது
எனக்குக் கண் கலங்கியது.
கொஞ்சம் பொறாமையும்.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில்
ஏழு பேரோடு ஒருத்தியாய் வளர்ந்தவள் நான்.
ஒரு மலையையே தன் பேரில் வைத்திருக்கிறதே
இந்த நகத்தளவு உயிர்!

மாசியில் சிவபாக்கியம் அக்கா
ஓடைப்பக்க வேலியில் பிடிபட்டாள்.
தலையில் கட்டு. எல்லாம் பட்ட கொப்பு,
பச்சை ஒன்றுகூட இல்லை.
“பட்டதும் காட்டுக்குத்தான்.
அதில் புழு இருக்கும், புழுவை நம்பிக் குருவி இருக்கும்”
என்றார் மாத்தயா.
“கேஸ் என்ன விலைன்னு தெரியுமா சார்?”
என்றாள் அவள்.
இரண்டையும் மொழிபெயர்த்தது நான்.
இரண்டிலும் பொய்யில்லை.
‘சார்’ என்ற சொல்லை மட்டும்
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு டிக்கட் கணக்கு
ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு.
ஒருத்தர் பின் ஒருத்தராய்ப் போன பாதை
சேற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்ததில்
இரு பக்கமும் புல்லைத் தின்று
இப்போது லொறி போகும் அகலம்.
அவர்கள் செய்வது நுழைதல்.
அக்கா செய்தது நுலைதல்.

இதையும் சொல்லத்தான் வேண்டும்:
கீழ் டிவிசனில் முகடு வரை வெட்டிவிட்டார்கள்.
பங்குனியில் அங்கே பவுசர் வந்தால்தான் தண்ணீர்,
குடங்கள் ரோட்டோரம் வெயிலில் வரிசை பிடிக்கும்.
எங்கள் பீலி இன்னும் நிற்கவில்லை.
அது இந்தக் காட்டின் தண்ணீர்.
அக்காவின் குடமும் அதே பீலியில்தான் நிறைகிறது.
வேலி மட்டும் இல்லையென்றால்
என் சொந்த அண்ணனே
இரண்டு போகம் லீக்ஸ் போட்டு
இந்த முகட்டை முடித்திருப்பான்.
நல்லவன்தான். கடன்காரன்.

தண்டச் சீட்டு என் கையெழுத்து.
பேரைக் கேட்காமலே எழுதினேன்,
அது அவளுக்கு வலித்திருக்க வேண்டும்,
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
மூன்று நாள் பேரை வைத்துக் கட்டினாள்.

பறித்த கட்டு
கந்தோர் குசினியில் ஒரு வாரம் எரிந்தது.
புழுவும் குருவியும் யாருக்கும் ஞாபகமில்லை.
நானும் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன்.
நல்ல சாயம்.

நேற்று கேட் பூட்டிய பிறகு
லேபிள் கிழிக்கும் பிளேட்டால்
பலகையின் லகரத்தைச் சுரண்டிவிட்டு
சிவப்பு நகப்பூச்சால் ழகரம் எழுதினேன்.
கை நடுங்கி, கொஞ்சம் வழிந்திருக்கிறது.
கீழ் வரியில் ‘குறிய’ இருந்தது.
போத்தலில் பூச்சும் மிச்சமிருந்தது.
தண்டனை பிழையாகவே இருக்கட்டும் என்று
மூடிவிட்டேன்.